கணுக்காலில் விழுந்த குழி

பள்ளி நினைவு மலருக்கு எல்லோரும் இனிப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்களாம். மகிழமரம், மணியடிக்கிற ஆயா, வாசலில் கூடை வைத்து விற்ற இலந்தவடை. நல்லது, எழுதுங்கள். நான் எழுதப்போவதில் இனிப்பு கிடையாது. உங்களில் யார்மேலும் எனக்குப் பெரிய பிரியமும் கிடையாது. அறுபதைத் தாண்டியாகிவிட்டது. இனிமேலும் சிரித்து மழுப்ப எனக்குத் தெம்பில்லை.

மலரைத் தொகுப்பவள் நம் வகுப்புத் தலைவி. அன்றைக்கும் அவள்தான் தலைவி, இன்றைக்கும் அவள்தான். வந்து சேர்கிற ஒவ்வொரு கட்டுரையையும் வரி விடாமல் படித்துப் பிழை திருத்திய பிறகே அச்சுக்கு அனுப்புகிறாளாம். இரண்டு நாளாக என் போனை அவள் எடுக்கவில்லை. ஆனால் இதைப் படிப்பாள். படிக்காமல் அவளால் இருக்க முடியாது. இதை எழுதுவதற்கு அது ஒன்றே காரணம்.

நாம் ஏழாம் வகுப்பில் இருந்த வருஷத்து மழைக்காலம். அதற்கு முன்பே ஆடியில் எனக்குத் தொண்டைவலி வந்தது, காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு மூட்டு வீக்கம். இன்றைக்கு முழங்கால் என்றால் நாளைக்கு மணிக்கட்டு, அதற்கடுத்த நாள் கணுக்கால். வலி வீடு மாறி வீடு மாறிக் குடியிருந்தது. எனக்கு அம்மா இல்லை. அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. வளர்த்தது அப்பாவின் அக்கா, என் அத்தை. கணவனை இழந்து திருவண்ணாமலைக்கு எங்கள் வீட்டோடு வந்தவள். அவள் நொச்சி இலையை வேகவைத்து ஒத்தடம் கொடுத்தாள். வீடு முழுக்க நொச்சி வாடை. "வளர்ற பொண்ணுக்கு எலும்பு நீளுது, அதான் வலி" என்றாள். அப்பாவும் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதற்கென்றே பிறந்தவர்.

வலி தானாகவே போய்விட்டது. ஒத்தடத்தால் போகவில்லை, அந்த நோயின் குணமே அதுதான். மூட்டை நக்கிவிட்டு நெஞ்சைக் கடித்துவிடும். இதை எனக்குச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. வலி போனதில் அத்தை மகிழ்ந்துபோய் வேண்டிக்கொண்டாள்: ஒன்பது பௌர்ணமி என்னையும் கூட்டிக்கொண்டு மலை சுற்றுவதாக.

இப்போது பௌர்ணமிக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் அன்றைய பாதையை உங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. விளக்கு இல்லை, வழிநெடுகக் கடை இல்லை. விடியற்காலையில் கிளம்பி வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம். வெறுங்காலில் ஈரத் தார்ச்சாலை, இரண்டு பக்கமும் புளியமரம், உள்ளங்காலில் குத்துகிற புளிய ஓடு. முதல் பௌர்ணமி நடந்துவிட்டேன். இரண்டாவதில் அடி அண்ணாமலை ஊர் வந்ததும் ஒரு டீக்கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவதில், பாதையின் தொடக்கத்தில் வருகிற எம லிங்கத்தை எட்டுவதற்குள்ளேயே எனக்கு மூச்சு முட்டியது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தாறுமாறாக அடித்தது.

"இன்னாடி, பத்தடிக்கு ஒரு தரம் குந்திக்கிறே? நான் அறுபது கிலோ ஒடம்ப வெச்சிக்கினு நடக்கறேன். ஒனக்கு இன்னா கேடு?" என்றாள் அத்தை.

"மூச்சு வாங்குது அத்தை."

"நடந்தா மூச்சு வாங்காம வேற இன்னா வாங்கும்? ஏந்திரி."

நிறைமாதக் கர்ப்பிணியைப் போல மெதுவாக அடி வைத்து மலையைச் சுற்ற வேண்டும் என்பார்கள். அத்தையும் எல்லோருக்கும் அதைச் சொல்வாள். நான் மெதுவாக நடந்தால் மட்டும் அது பக்தியில் சேராது, சோம்பேறித்தனத்தில் சேரும்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். தெரியாததுபோல நடிக்காதீர்கள். நம் வகுப்பு மாடியில் இருந்தது. பதினெட்டுப் படி. நான் நடுவில் இரண்டு முறை நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, எல்லோருக்கும் கடைசியில் வருவேன். கரும்பலகையின் ஓரத்தில் 'சோம்பேறிகள்' என்று தலைப்புப் போட்டு, தலைவி முத்துமுத்தான கையெழுத்தில் என் பெயரை எழுதிவைத்திருப்பாள். அந்தப் பட்டியலில் வேறு பெயர் வந்து போகும். என் பெயருக்கு அழிப்பானே கிடையாது.

ஒருநாள் காலை வணக்கத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் என்னவென்று கேட்டார். "நெஞ்சுக்குள்ள கோழி ரெக்க அடிக்கற மாதிரி இருக்கு டீச்சர்" என்றேன். டீச்சர் சிரித்தார். அதைப் பார்த்து நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அன்றிலிருந்து நான் கோழி. போன வருஷம் மளிகைக் கடையில் பார்த்தபோதுகூட உங்களில் ஒருத்தி, பேரன் எதிரில், "ஏய் கோழி" என்றுதான் கூப்பிட்டாள். நான் திரும்பினேன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேருந்து நிலையத்தில் எடை பார்க்கிற இயந்திரம் ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சிவப்பும் வெள்ளையுமாகச் சக்கரம் சுற்றும், உள்ளே விளக்குகள் ஓடும், காசு போட்டால் தடித்த அட்டை ஒன்று துப்பும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் சோதிடம். இப்போது அந்த இடத்தில் போனுக்கு ரீசார்ஜ் செய்கிற கடை இருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் அத்தை என்னை அதில் ஏற்றினாள். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஏற்றினாள். மூன்று கிலோ கூடியிருந்தது. அட்டையின் மறுபக்கத்தில் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அச்சடித்திருந்தது. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூணு பௌர்ணமிக்கே சதை போட்டுட்டா பாரு" என்று அப்பாவிடம் அட்டையைக் காட்டினாள். அப்பா வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். அட்டை சாமி படத்தின் சட்டத்தில் செருகப்பட்டது. அது சதை இல்லை. எனக்குள் தேங்கிய தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு நாள் தவறாமல் கற்பூரம் காட்டினாள் அத்தை.

சொன்னேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் நான் சொல்லவே இல்லை என்று பின்னாளில் பேச்சு வந்தது. படுத்தால் இருமல் வருகிறது என்றேன். "மழக்காலம், சளி" என்றாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே தூங்கினேன். "கதப் புத்தகம் படிக்கறதுக்கு இது ஒரு சாக்கு" என்றாள். கொலுசு கணுக்காலில் பதிந்து வரி விழுகிறது என்றேன். கொலுசைக் கழற்றிப் பெரிதாக வாங்கிப் போட்டாள். பாசம் இல்லாமல் இல்லை. பாசத்தோடுதான் கொல்லப் பார்த்தாள்.

தீபாவளிக்கு எனக்குப் பாவாடையும் சட்டையும். மயில்கழுத்து நிறத்தில் அரக்கு பார்டர். தைக்கக் கொடுத்தது தேரடித் தெரு தையல்காரரிடம். எல்லோரும் அவரை பாய் என்போம். நல்ல கைக்காரர், கெட்ட வாய்க்காரர். சொன்ன நாளில் கொடுக்க மாட்டார். கேட்டால் கத்துவார். பெண்பிள்ளைகளுக்கு அவர் அளவெடுக்கிற முறையே தனி. தொடவே மாட்டார். கூட வந்த பெண்ணின் கையில் டேப்பைக் கொடுத்துவிடுவார். அவள் பிடிக்க வேண்டும், இவர் இரண்டடி தள்ளி நின்று எண்ணை மட்டும் படித்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து நீள நோட்டில் எழுதுவார். நோட்டில் தெருவில் உள்ள அத்தனை பேர் உடம்பும் இருந்தது.

தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பாவாடையைக் கட்டினால் கொக்கி எட்டவில்லை. அத்தை மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். பிடிக்க என்னிடம் மூச்சு ஏது? நான்கு விரல்கடை இடைவெளி. அத்தையின் முகம் கறுத்தது.

"துணிய அடிச்சிட்டான்" என்றாள். அவள் கொடுத்தது நல்ல அகலமான துணி. மிச்சத்தை எடுத்துக்கொண்டு சிக்கனமாக வெட்டிவிட்டான் என்பது அவள் கட்சி.

மறுநாள் கடை திறந்ததும் பாவாடையையும் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தேரடித் தெருவில் வெடித்த காகிதம் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. வெடிமருந்து நாற்றம். நடந்த தூரம் கொஞ்சம்தான். கடை வாசலில் நின்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா பாய், நல்ல நாளும் அதுவுமா கொழந்த துணியில கை வெக்கலாமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தாள் அத்தை.

பாய் தையல் இயந்திரத்தை நிறுத்தினார். "யாரப் பாத்து இன்னா பேச்சு பேசறீங்க? இருவது வருசமா இந்தத் தெருவுல ஊசி புடிக்கறேன். ஒரு சாண் துணி திருடனேன்னு ஒருத்தர சொல்லச் சொல்லுங்க."

"அப்போ கொக்கி ஏன் எட்டல?"

கூட்டம் கூடிவிட்டது. பாய் நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளி, ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இடுப்பு இருவத்திரண்டு. டேப்பப் புடிச்சது யாரு? நானா? நீங்கதானே? இந்தாங்க, இப்பவும் நீங்களே புடிங்க. எல்லாரும் பாக்கட்டும்." டேப்பைத் தூக்கி அத்தையின் மேல் எறிந்தார்.

அத்தை என் இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். பாய் குனிந்து படித்தார். "இருவத்தஞ்சே கால்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "மூணே கால் இன்ச் ஜாஸ்தி. பதினஞ்சு நாள்ல! இப்ப கை சுத்தளவு புடிங்க. அன்னிக்கு ஏழு. இன்னிக்கு எவ்ளோ? ஆறரை. கை கம்மியாவுது, இடுப்பு ஜாஸ்தியாவுது. எந்த வூட்டுச் சோறும்மா இது, இடுப்புக்கு மட்டும் போவுது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தைக்கு அவமானம் தலைக்கேறியது.

"பாவாட எறக்கமும் புடிங்க" என்றார் பாய். அவருக்கும் வெறி தணியவில்லை. "அதுலயும் திருடிட்டேன்னு நாளைக்கு வருவீங்க. கணுக்கால்ல அழுத்திப் புடிங்க. சும்மா தொட்டா அளவு நிக்காது."

அத்தை கீழே உட்கார்ந்து, டேப்பின் நுனியை என் கணுக்கால் எலும்புக்கு மேலே வைத்து, இருந்த ஆத்திரத்தை எல்லாம் கட்டைவிரலில் இறக்கி அழுத்தினாள். பாய் எண்ணைப் படித்தார். நோட்டில் இருந்ததோடு அது ஒத்துப்போனது. அத்தை விரலை எடுத்தாள்.

குழி எழும்பவில்லை. அவள் கட்டைவிரல் அளவுக்கு, ஆழமாக, பிசைந்த மாவில் அழுத்தியதுபோல அப்படியே நின்றது. நகத்தின் பிறைகூடப் பதிந்திருந்தது. பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். கூட்டமும் பார்த்தது.

"அம்மா, உங்க வெரல எடுத்துட்டீங்க. குழி போவலியே" என்றார். குரல் இறங்கவில்லை, அதே சண்டைக் குரல்தான். "இது சதை இல்ல. பொண்ணு நிக்கறதுக்கே தூணப் புடிச்சிக்கினு கீது, கண்ணுல படலியா? துணிய அப்பறம் பேசலாம். மொதல்ல டாக்டர்கிட்ட இட்டும்போங்க. இல்லன்னா அடுத்த அளவு எடுக்க என்கிட்ட வர வேணாம்."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவளிடம் கேட்ட கேள்வி அது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். நெஞ்சில் குழாயை வைத்தவர் அதை எடுக்காமலே அத்தையைத் திட்ட ஆரம்பித்தார். தொண்டையில் வந்த காய்ச்சல் இதயத்தைப் பிடித்திருக்கிறது, வால்வு சரியாக மூடவில்லை, தள்ளிய ரத்தம் திரும்பி வருகிறது, காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் நீர் கோத்திருக்கிறது என்றார். "இந்த ஒடம்ப வெச்சிக்கிட்டு மலை சுத்த வெச்சீங்களா? இன்னும் ஒரு பௌர்ணமி போயிருந்தா தூக்கிட்டுத்தான் வந்திருப்பீங்க." அப்பா அதற்கும் தலையாட்டினார். ஊசியும் மாத்திரையும் போட்டு ஐந்தே நாளில் நாலரைக் கிலோவை இறக்கினார்கள். அத்தை கற்பூரம் காட்டிய சதை முழுவதும் கழிவறையில் போனது.

பிறகு இருபத்தொரு நாளைக்கு ஒரு தரம் இடுப்பில் ஊசி, வருஷக் கணக்காக. முப்பது வயதில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அது டிக் டிக் என்று எனக்குக் கேட்கும், அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. தினம் காலையில் காப்பிக்கு முன்னால் எடை பார்க்கிறேன். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் யாரையும் கேட்க மாட்டேன், டாக்டருக்குப் போன்தான். பல் பிடுங்கப் போனால்கூட முதலில் வால்வைச் சொல்கிறேன். காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. இதையெல்லாம் பார்த்து, எனக்கு எப்போதும் வியாதிப் பேச்சுதான் என்று நீங்கள் சொல்லிக்கொள்வது என் காதுக்கு வந்திருக்கிறது.

தையல்கார பாய்க்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அத்தை தெருவில் சொல்லிவிட்டாள்: டேப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து பாய் கண் வைத்துவிட்டார், அதனால்தான் பெண்ணுக்கு உடம்பு கெட்டது. நம்ப ஆள் இருந்தது. தை மாதத்துக்குள் எங்கள் தெருவிலிருந்து ஒரு ரவிக்கைகூட அவர் கடைக்குப் போகவில்லை. அவர் நல்லவர் என்பதற்காகச் சொல்லவில்லை. என்மேல் இரக்கப்பட்டும் அவர் அதைச் செய்யவில்லை. தான் திருடன் இல்லை என்று காட்டச் செய்தார். அந்தக் கோபம்தான் என்னைக் காப்பாற்றியது. பாசம் மூன்று மாதம் பார்த்தும் பார்க்காததை ஒரு சண்டை அரைமணி நேரத்தில் பார்த்துவிட்டது.

நான் மட்டும் யோக்கியமா? மூன்று மாதம் கழித்து வகுப்புக்கு வந்ததும் நீங்கள் சுற்றி நின்று என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். முதல்முறையாக நான் சொல்வதை எல்லோரும் கேட்டீர்கள். வாய் திறந்து, "பாய் கண்ணு பட்டுடுச்சி" என்றேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அடுத்த வருஷம் அவர் கடையைக் காலி செய்துகொண்டு கீழ்பென்னாத்தூர் பக்கம் போய்விட்டார் என்றார்கள். அந்த நீள நோட்டு எங்கே போயிற்றோ. என் உயிர் அதில் பென்சிலில் எழுதியிருந்தது. நான் ஒருதரம்கூடத் தேடிப் போகவில்லை. அத்தை கடைசிவரை, ஒன்பது பௌர்ணமி வேண்டுதல்தான் என்னைக் காப்பாற்றியது என்று சொல்லியே செத்தாள்.

இப்போது தலைவிக்கு வருகிறேன்.

மலர் வெளியாகப்போகிற நம் வகுப்புச் சந்திப்புக்கு முன்னோட்டமாக நாளை மறுநாள் பௌர்ணமிக்கு எல்லோரும் சேர்ந்து மலை சுற்றுவதாக ஏற்பாடு. முன்னால் நடக்கப்போகிறவள் தலைவி. எட்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் அவளிடம் வால்வு கசிகிறது, வருஷத்துக்கு ஒருதரம் வந்து காட்டு என்று சொன்னது நம் எல்லோருக்கும் தெரியும். நாலு வருஷமாக அவள் போகாமல் பழைய சீட்டுக்கே மாத்திரை வாங்குகிறாள் என்பதும் தெரியும். போன வாரம் மலர் வேலையாக அவள் வீட்டில் கூடினோம். வாசல்படி மூன்று. மூன்றாவது படியில் முந்தானையைச் சரிசெய்வதுபோல நின்றாள். முந்தானை சரியாகத்தான் இருந்தது. நான் பதினெட்டுப் படியில் நின்றவள், எனக்குத் தெரியாதா? மோதிரம் சுண்டுவிரலுக்கு மாறியிருந்தது. படுத்தால் இருமல் வருகிறதென்று சாய்வு நாற்காலியில் தூங்குகிறாளாம். நாலு நாளில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறதாம், மருமகள் சமையலாம்.

முந்தாநாள் நம் வாட்ஸ்அப் குழுவில் அவள் போட்டதைப் படித்தீர்கள். "நடக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நீர் மாத்திரைய நிறுத்திடுவேன்பா. பதினாலு கிலோமீட்டர்ல எங்க ஒதுங்கறது?" அதற்கு நீங்கள் பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறீர்கள். ஒருத்தி நல்ல யோசனை என்றாள். ஒருத்தி ஓமத்தண்ணீர் குடிக்கச் சொன்னாள், வாயுவாம். அத்தை செத்துவிட்டாள் என்று நினைத்தேன். பதினோரு அத்தைகள் இருக்கிறீர்கள்.

அன்றே போன் செய்தேன். உடம்பில் தேங்குகிற நீரை இறக்குவதே அந்த மாத்திரைதான், அதை விடாதே, நடக்காதே, இன்றைக்கே போய்க் காட்டு என்றேன். "கோழி, ஒனக்குப் பொறாமைடி. ஒன்னால நடக்க முடியல, அதான்" என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு எடுக்கவில்லை.

தலைவி, இனி உனக்கு மட்டும். ஒற்றுப்பிழையை அப்புறம் பார். கரும்பலகையில் நீ எழுதியதை நான் மன்னிக்கவில்லை, இனியும் மன்னிக்கப்போவதில்லை. அது தனிக் கணக்கு. இப்போது நாற்காலியில் உட்கார். சேலையைக் கொஞ்சம் தூக்கு. கணுக்கால் எலும்புக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்து. பத்து எண்ணு. விரலை எடு.

குழி இருக்கிறது, இல்லையா?

இதை உன் தெருமுனையில் ஆட்டோவில் உட்கார்ந்துதான் அனுப்புகிறேன். டாக்டரிடம் சொல்லி வைத்தாகிவிட்டது. வழியெல்லாம் உன்னைத் திட்டத்தான் போகிறேன். நீயும் கோழி என்றே கூப்பிட்டுக்கொள். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து ஏறு.